வீட்டுக் கடனும் புதிய கடன் அட்டையும்: எது முன்பு, எது பின்பு?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. மனிதனுடைய பொறுமையும் கைப்பொருளும் ஒருங்கே சோதிக்கப்படும் காரியங்கள் இவை இரண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் காலத்தில் வீடு கட்ட விரும்பிய குடியானவர், ஆண்டுக்குச் சிறிதாகச் செங்கல்லும் மரமும் சேர்த்து வைத்தார். பணம் போதாமற் போனால் உள்ளூரில் வட்டிக்குக் கொடுப்பவரை நாடினார். கடன் கொடுப்பவர் இவருடைய தந்தையை அறிவார்; நிலத்தை அறிவார்; சென்ற அறுவடையில் எத்தனை மூட்டை நெல் வீடு வந்தது என்பதையும் அறிவார். 'ஆள் நாணயமானவர்' என்று ஊரார் சொன்னால் அதுவே போதுமானதாயிருந்தது. வட்டி மட்டும் கடுமையாக இருந்தது.

இன்று வீடு வாங்கவும் கட்டவும் வங்கிகளும் வீட்டு வசதி நிதி நிறுவனங்களும் குறைந்த வட்டியில், நீண்ட தவணையில் கடன் தருகின்றன. ஆனால் வங்கி மேலாளர் நம் முகத்தை அறியார். நம் தந்தையின் பெயரையும் அறியார். அவருக்கு முன்னால் இருப்பது நம்முடைய நாணயத்தைக் குறித்து வைத்திருக்கும் ஓர் ஏடு. அந்த ஏட்டில் உள்ளதைப் பொறுத்தே கடன் கிடைப்பதும் மறுக்கப்படுவதும், வட்டி கூடுவதும் குறைவதும் அமைகின்றன.

வீடு வாங்கப் போகும் நேரத்தில், அறியாமையினால் ஒரு புதிய கடன் அட்டைக்கு விண்ணப்பித்து, அந்த ஏட்டில் தாமே ஒரு கரும்புள்ளி வைத்துக் கொள்பவர்கள் உண்டு. அதனால் வங்கி தருவதாகச் சொன்ன தொகை குறைந்து, விற்பவரிடம் கொடுத்த முன்பணமும் பறிபோகும் நிலை வரக்கூடும். கடன் அட்டை கெட்ட பொருள் என்பது நம் கருத்தன்று. நெல்லுக்கும் உளுந்துக்கும் பருவம் இருப்பதுபோல, கடன் அட்டை வாங்குவதற்கும் ஒரு பருவம் உண்டு. அந்தப் பருவம் எது என்பதை இங்கே ஆராய்வோம்.

நாணயத்தின் ஏடு

'சிபில் பார்த்தார்களாம், மார்க் குறைவாம்' என்று கிராமங்களிலும் இன்று பேசக் கேட்கிறோம். இந்தச் சிபில் என்பது யாது? கடன் வாங்கியோர் விவரங்களைத் திரட்டி வைப்பதற்காக 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிறுவப்பட்ட நிறுவனத்தின் பெயர் அது. பின்னர் இத்தகைய நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவை இப்போது நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிப் ஹைமார்க் என்பன அவை.

நாம் ஒரு வங்கியில் கடன் வாங்கினால், எவ்வளவு வாங்கினோம், தவணையைத் தேதியில் கட்டினோமா, எத்தனை நாள் தாமதம் என்பவற்றை அந்த வங்கி இந்நிறுவனங்களுக்குத் தெரிவிக்கின்றது. முன்பு மாதம் ஒரு முறை தெரிவித்து வந்தனர். 2025 ஜனவரி முதல் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறையாவது தெரிவிக்க வேண்டுமென்று ரிசர்வ் வங்கி விதி செய்தது. ஆகவே, இன்று நாம் வாங்கும் கடன் சில வாரங்களுக்குள் ஏட்டில் ஏறிவிடும். 'சிறிய கடன்தானே, யாருக்குத் தெரியப் போகிறது' என்று எண்ணுவது இனிப் பொருந்தாது.

இந்த விவரங்களைக் கொண்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் வழங்கப்படுகின்றது. எண் உயர உயர நாணயம் உயர்ந்தது என்பது பொருள். வீட்டுக் கடனுக்கு 750-க்கு மேல் இருப்பதைப் பொதுவாக நல்ல நிலை என்று வங்கிகள் கருதுகின்றன. 2019 அக்டோபர் முதல், வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களின் வட்டி, ரிசர்வ் வங்கியின் ரெப்போ வீதம் போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டுள்ளது. அதன்மேல் வங்கி சேர்க்கும் பங்கு, கடன் வாங்குவோரின் மதிப்பெண்ணைப் பொறுத்துப் பல வங்கிகளில் வேறுபடுகின்றது. நாணயம் குறைந்தவருக்கு வட்டி கூடும் என்ற பழைய வழக்கமே இது. கணக்குப் போடும் முறை மட்டுமே புதியது.

புதிய அட்டையினால் விளைவது யாது?

கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டை ஒரு கடன் கணக்கே. அட்டையைக் காட்டிப் பொருள் வாங்கினால் அதற்கான பணத்தை வங்கி கொடுத்துவிடுகின்றது. பட்டியல் வந்தபின் குறித்த தேதிக்குள் முழுத் தொகையையும் நாம் கட்டிவிட்டால் வட்டி இல்லை. ஒரு பகுதியை மட்டும் கட்டினால், மாதம் 3 முதல் 3¾ சதவிகிதம் என்ற அளவில் வட்டி ஏறுகின்றது. மாதம் 3½ சதவிகிதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவிகிதம். கந்து வட்டியைக் கண்டிக்கும் நாம் இதையும் மறவாதிருத்தல் வேண்டும்.

புதிய அட்டை கேட்கும்போது நம் ஏட்டில் நான்கு மாறுதல்கள் நேருகின்றன.

முதலாவது, நாம் விண்ணப்பித்தவுடன் வங்கி நம் ஏட்டைப் புரட்டிப் பார்க்கின்றது. 'இவர் கடன் கேட்டு வந்தார்' என்ற செய்தி பதிவாகிவிடும். ஒரு விண்ணப்பத்தினால் குறையும் மதிப்பெண் பெரும்பாலும் சிறிதே. சில மாதங்களில் அது சீராகிவிடும். ஆனால் ஓர் இடத்தில் மறுத்தார்கள் என்று அடுத்தடுத்து நான்கு இடங்களில் விண்ணப்பித்தால், 'இவருக்குப் பண நெருக்கடி போலும்' என்று வீட்டுக் கடன் அளிப்பவர் ஐயுறுவார். நம் ஏட்டை நாமே பார்ப்பதால் மட்டும் மதிப்பெண் குறையாது.

இரண்டாவது, கணக்குகளின் வயது. பல ஆண்டுகளாக ஒழுங்காக நடந்துவரும் கணக்கு நாணயத்துக்கு நல்ல சாட்சி. புதுக் கணக்குச் சேரும்போது சராசரி வயது குறைகின்றது.

மூன்றாவது, வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பது. 50,000 ரூபாய் வரம்புள்ள அட்டையில் 45,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால், கை முழுவதும் கடனில் இருப்பதாக ஏடு காட்டும். வரம்பில் 30 சதவிகிதத்துக்குள் நிற்பது நல்லது.

நான்காவது, மிகவும் முக்கியமானது, மாதத் தவணை. அட்டையின் பேரில் குளிர்சாதனப் பெட்டியோ தொலைக்காட்சியோ தவணை முறையில் வாங்கினால், அந்தத் தவணை நம் மாத வருமானத்தில் ஒரு பங்கைப் பிடித்துக் கொள்கின்றது. வீட்டுக் கடனுக்கு ஒதுக்கக்கூடிய பங்கு அந்த அளவுக்குச் சுருங்குகின்றது. கடையில் 'வட்டியில்லாத் தவணை' என்று சொல்லி அளிக்கப்படும் சிறு கடன்களுக்கும் கைப்பேசி வழியே தரப்படும் உடனடிக் கடன்களுக்கும் இது பொருந்தும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எண்களைக் கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தந்தை மூன்று ஏக்கர் நிலம் பயிரிடுகிறார். தாய் இரண்டு கறவை மாடுகள் வைத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறார். மகன் பக்கத்து நகரில் ஓர் ஆலையில் மாதச் சம்பளம் பெறுகிறார். எல்லாம் சேர்த்து வங்கி ஏற்றுக்கொள்ளும் மாத வருமானம் 40,000 ரூபாய். அதில் பாதி, அதாவது 20,000 ரூபாய் வரை, எல்லாத் தவணைகளுக்கும் சேர்த்துப் போகலாம் என்று வங்கி கணக்கிடுகின்றது. இந்த விகிதம் வங்கிக்கு வங்கி சிறிது வேறுபடும்.

இவர்கள் 25 லட்சம் ரூபாய் விலையில் ஒரு வீட்டைப் பேசி முடிக்கின்றனர். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடன், வீட்டு மதிப்பில் 90 சதவிகிதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். எனவே கடன் அதிக அளவாக 22½ லட்சம். மீதி 2½ லட்சம் சொந்தப் பணம். அதற்கு மேல் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவிகிதமும் பதிவுக் கட்டணம் 2 சதவிகிதமும் உண்டு. அது 2,25,000 ரூபாய். இதுவும் கையிலிருந்தே வர வேண்டும். ஆக, 4,75,000 ரூபாய் இவர்கள் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

ஆண்டுக்கு 8½ சதவிகித வட்டியில் இருபது ஆண்டுத் தவணைக்கு, 22½ லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 19,526 ரூபாய். இது 20,000-க்குள் அடங்குவதால் வங்கி கடனை அனுமதித்துக் கடிதம் தருகின்றது. குடும்பத்தார் மகிழ்ந்து, வீட்டுக்காரருக்கு இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்து, மூன்று மாதத்தில் கிரயம் முடிப்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொள்கின்றனர்.

இந்தச் சமயத்தில் மகன் நகரத்துக் கடை ஒன்றிற்குப் போகிறார். புது வீட்டுக்குக் கட்டில், பீரோ, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் வேண்டுமே என்ற ஆவல். 'கார்டு எடுத்துக்கொள்ளுங்கள், பதினெட்டுத் தவணையில் கட்டலாம்' என்கிறார் கடையில் நிற்கும் முகவர். 54,000 ரூபாய்ப் பொருள். மாதம் 3,000 ரூபாய்த் தவணை. மகன் கையெழுத்திடுகிறார்.

கடன் தொகையை விடுவிக்குமுன் வங்கி ஏட்டை மீண்டும் ஒரு முறை பார்க்கின்றது. புதிய தவணை 3,000 ரூபாய் அங்கே தெரிகின்றது. வீட்டுக் கடனுக்கு மிஞ்சுவது 17,000 ரூபாயே. அதே வட்டியில், அதே காலத்துக்கு, 17,000 ரூபாய்த் தவணை தாங்கக்கூடிய கடன் ஏறத்தாழ 19 லட்சத்து 58 ஆயிரம் மட்டுமே. தேவைப்பட்டதோ 22½ லட்சம். 54,000 ரூபாய்ப் பொருளுக்காக, ஏறத்தாழ 2 லட்சத்து 92 ஆயிரம் ரூபாய் குறைந்து போயிற்று!

இனி இக்குடும்பத்துக்கு என்ன வழி? குறித்த தேதிக்குள் அத்தொகையைத் திரட்ட நகையை அடகு வைக்கலாம். அதுவும் ஒரு கடனே. கைமாற்று வாங்கலாம், வட்டி கடுமையாக இருக்கும். இரண்டும் இயலாவிட்டால் கிரயம் தவறும். ஒப்பந்த நிபந்தனைப்படி முன்பணம் இரண்டு லட்சத்துக்கும் ஆபத்து. அது தாயார் பால் ஊற்றிச் சேர்த்த பணமாயிருக்கலாம்.

வேறொரு வகையிலும் நட்டம் நேரலாம். கடன் தொகையைக் குறைக்காமல், மதிப்பெண் இறங்கியதைக் காரணமாகக் கொண்டு வட்டியை 8½-இலிருந்து 9 சதவிகிதமாக உயர்த்தினால், 22½ லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 718 ரூபாய் கூடுகின்றது. இருபது ஆண்டுகளில் இது ஏறத்தாழ 1,72,000 ரூபாய். அரைச் சதவிகிதம் என்பது காதுக்குச் சிறியது, கணக்குக்குப் பெரியது.

இடைக்காலமே ஆபத்தான காலம்

மேற்கண்ட கணக்கிலிருந்து ஓர் உண்மை புலப்படுகின்றது. வங்கியின் அனுமதிக் கடிதம் வந்ததும் கடன் கைக்கு வந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். அது தவறு. அனுமதிக் கடிதம் நிபந்தனைக்கு உட்பட்டது. அதற்குக் காலக்கெடுவும் உண்டு. விண்ணப்பதாரரின் நிலை மாறினால் மறுபரிசீலனை செய்யும் உரிமையை வங்கி வைத்துக்கொள்கின்றது. கதிர் முற்றிவிட்டது என்பதற்காக நெல் பத்தாயத்துக்கு வந்துவிட்டதாகக் குடியானவர் எவரும் எண்ணுவதில்லை. அவ்வாறே, பத்திரம் பதிவாகிப் பணம் விற்பவர் கையில் சேரும்வரை, வீட்டுக் கடன் களத்து நெல்லே.

சொந்த மனையில் வீடு கட்டுவோருக்கு இந்த இடைக்காலம் இன்னும் நீளமானது. கட்டுவதற்கான கடனை வங்கி ஒரே முறையில் தருவதில்லை. அடித்தளம், சுவர், கூரை என வேலை வளர வளரப் பகுதி பகுதியாக விடுவிக்கின்றது. ஆகவே கடைசிப் பகுதி வந்து சேரும்வரை புதுக் கடன் எதிலும் இறங்காதிருப்பது அறிவுடைமை.

கூட்டு விண்ணப்பமானால் ஒருவருடைய ஏடு மட்டுமன்றி அனைவருடைய ஏடும் பார்க்கப்படும். தந்தை கவனமாயிருந்து மகன் அட்டை வாங்கினாலும் பயனில்லை. மனைவியின் பேரில் உள்ள கடனும் அவ்வாறே. எனவே வீட்டில் எல்லோரும் கூடி அமர்ந்து, 'பத்திரம் முடியும்வரை யாரும் எதிலும் கையெழுத்திடுவதில்லை' என்று முடிவு செய்துகொள்வது நன்று. பிறர் கடனுக்கு ஜாமீன் நிற்பதும் இதில் அடங்கும். அண்டை வீட்டாரின் டிராக்டர் கடனுக்கு நாம் இட்ட ஜாமீன் கையெழுத்து நம் ஏட்டிலும் ஏறலாம்; அவர் தவறினால் சுமை நமக்கு வரும்.

காலப் பட்டியல்

பயிருக்கு நாற்று விடுவதும் நடுவதும் களை எடுப்பதும் தேதி குறித்துச் செய்வதுபோல, வீடு வாங்குவதற்கும் ஒரு காலப் பட்டியல் தேவை. நாம் கூறும் முறை வருமாறு.

ஓராண்டுக்கு முன்பு: உங்கள் ஏட்டைப் பெற்றுப் படியுங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக வழங்க வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள விதி. கட்டி முடித்த கடன் முடியாததாகக் காட்டப்பட்டிருக்கலாம். வேறொருவர் கடன் நம் பேரில் ஏறியிருக்கலாம். பிழை கண்டால் வங்கியிடமும் அந்நிறுவனத்திடமும் எழுத்து மூலம் முறையிடலாம். முப்பது நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்ற விதி 2024 ஏப்ரல் மாதத்திலிருந்து அமலில் உள்ளது.

ஆறு மாதங்களுக்கு முன்பு: புதிய கடன் அட்டைக்கோ, வண்டிக் கடனுக்கோ, தவணைப் பொருளுக்கோ விண்ணப்பிப்பதை நிறுத்திவிடுங்கள். ஏற்கனவே அட்டை இருந்தால் அதன் பாக்கியைக் குறைத்து, தவணையைத் தேதியில் கட்டிவாருங்கள். பழைய அட்டையை இந்த நேரத்தில் அவசரப்பட்டு மூடவும் வேண்டாம். அதன் நல்ல வரலாறு நமக்குத் துணை.

விண்ணப்பம் முதல் பதிவு வரை: எதையும் மாற்ற வேண்டாம். பதிவுச் செலவுக்குப் பணம் போதவில்லை என்று அட்டையைத் தேய்க்க வேண்டாம். போதாத பணத்துக்கு ஏற்ற மருந்து, இன்னும் சில மாதங்கள் சேமிப்பதே. அல்லது விலை குறைந்த வீட்டைப் பார்ப்பதே. விற்பவருடன் ஒப்பந்தம் எழுதும்போது, வங்கிக் கடன் கிடைக்காவிடில் முன்பணம் திரும்பத் தரப்பட வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்க முயலுங்கள்.

பதிவுக்குப் பின்பு: கடன் முழுவதும் விடுவிக்கப்பட்டு, முதல் சில தவணைகளைச் சிரமமின்றிக் கட்டிய பின்னர், தேவை என்று தோன்றினால் அட்டை வாங்கலாம். கட்டிலும் பீரோவும் அதுவரை காத்திருக்கட்டும். பாயில் படுத்தாலும் சொந்த வீட்டில் படுத்த உறக்கம் இனிது.

கேட்காமல் வரும் அட்டை

வீட்டுக் கடன் பேசப் போகும் இடத்திலேயே, 'இந்த அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வதுண்டு. வேண்டாம் என்று மறுக்க நமக்கு உரிமை உண்டு. 2022 ஜூலை முதல் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கேட்காத ஒருவருக்கு அட்டை வழங்குதல் கூடாது. அவ்வாறு வழங்கிக் கட்டணமும் வசூலித்தால், அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு அதைப் போல் இரு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும். வந்த அட்டையை நாம் முப்பது நாட்களாக இயக்கத்துக்குக் கொண்டுவராவிடில், நம் சம்மதம் கேட்டு, சம்மதம் இல்லையேல் செலவின்றிக் கணக்கை மூட வேண்டும். அட்டை இயக்கத்துக்கு வருமுன் அக்கணக்கை ஏட்டு நிறுவனங்களுக்குத் தெரிவித்தலும் கூடாது.

நாமே மூடச் சொல்லி, பாக்கி ஏதும் இல்லாதபோது, ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் நமக்குச் சேரும். இவ்விதிகளை அறிந்தவரிடம் முகவர்களின் வற்புறுத்தல் செல்லாது.

அட்டையோ கடனோ இல்லாதவர் நிலை

'வாழ்நாளில் கடனே வாங்கியதில்லை. ஆகவே எனக்கு நல்ல மதிப்பெண் இருக்கும்' என்று சிலர் எண்ணுகின்றனர். அவர்களுடைய ஏடு வெற்று ஏடு. அதில் நல்லதும் இல்லை, தீயதும் இல்லை. முதன்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுத்தல் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. எனினும், வரலாறு உள்ளவருக்குக் காரியம் எளிது என்பது அனுபவம்.

இத்தகையவருக்கு அட்டை உதவியே செய்யும். ஆனால் முன்கூட்டியே வாங்க வேண்டும். வீடு வாங்க இரண்டு ஆண்டுகள் இருக்கும்போது, வைப்புத் தொகையின் பேரில் வழங்கப்படும் சிறு அட்டை ஒன்றைப் பெற்று, மாதந்தோறும் சிறு செலவு செய்து, முழுத் தொகையையும் தேதியில் கட்டிவந்தால், வீடு வாங்கும் நேரத்தில் ஏட்டில் நல்ல எழுத்துக்கள் நிறைந்திருக்கும். அதே அட்டையை வீட்டுக்கு ஒரு மாதம் முன்பு வாங்கினால் தீமை. இரண்டாண்டு முன்பு வாங்கினால் நன்மை.

கிசான் கடன் அட்டையைப் பற்றி ஒரு சொல்

விவசாயிகள் அறிந்த அட்டை வேறொன்று உண்டு. அது 1998-இல் தொடங்கப்பட்ட கிசான் கடன் அட்டை. பெயர் ஒத்திருப்பினும் இயல்பு வேறு. அது பயிர்ச் செலவுக்கானது. 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலக் கடனுக்கு 7 சதவிகித வட்டியும், காலத்தில் செலுத்துவோருக்கு மேலும் 3 சதவிகிதக் குறைப்பும் என்ற சலுகை அதற்கு நெடுங்காலமாக அளிக்கப்பட்டு வந்துள்ளது. இக்கடனும் ஏட்டில் பதிவாகும். அறுவடை முடிந்தும் கட்டாமல் விட்டால், பயிர்க் கடன்தானே என்று வீட்டுக் கடன் அளிப்பவர் தள்ளிவிட மாட்டார். எனவே வீட்டுக் கடன் கேட்குமுன் பயிர்க் கடனைப் புதுப்பித்து ஒழுங்கு செய்துகொள்ளுதல் வேண்டும்.

அரசு உதவியால் வீடு பெற எண்ணும் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா கிராமப்புறத் திட்டத்தில், சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய் உதவி வகுக்கப்பட்டது. 50,000 ரூபாயோ அதற்கு மேலோ வரம்புள்ள கிசான் கடன் அட்டை வைத்திருக்கும் குடும்பம் அத்திட்டத்துக்குத் தகுதியற்றது என்பது விதி. 2024-இல் விதிகள் தளர்த்தப்பட்டபோது இருசக்கர வாகனம் வைத்திருப்போரைத் தள்ளும் விதி நீங்கியது. அட்டை பற்றிய விதி நீடித்தது. இங்கே கணக்கில் வருவது வாங்கிய கடன் அன்று, அட்டையின் வரம்பே. 20,000 ரூபாய் மட்டும் வாங்கியிருந்தாலும் வரம்பு 60,000 என்றால் தகுதி போகும்.

இதைக் கண்டு, பயிருக்கு வேண்டிய அட்டையை வேண்டாம் என்று விடுவதோ, இருக்கும் அட்டையை மறைப்பதோ சரியன்று. பயிரே குடும்பத்தின் முதல் ஆதாரம். ஆனால், தேவைக்கு மிஞ்சிய வரம்பைக் கேளாதிருப்பதும், விதியை முன்கூட்டி அறிந்திருப்பதும் எவருக்கும் உரியதே.

பஞ்சாயத்து உறுப்பினர் செய்யக்கூடியது

கிராம சபைக் கூட்டங்களில் வீட்டுத் திட்டப் பட்டியலைப் படிக்கும்போது மேற்சொன்ன விதிகளையும் சேர்த்துப் படித்துக் காட்டலாம். வங்கி மேலாளரை ஆண்டுக்கு ஒரு முறை அழைத்து, ஏட்டை எவ்வாறு பெறுவது என்று விளக்கச் சொல்லலாம். படித்த இளைஞர்கள் முதியோருக்கு அறிக்கை எடுத்துக் கொடுக்கலாம். ஆயினும் கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை அயலாரிடம் எவரும் சொல்லலாகாது என்பதையும் அறிவுறுத்த வேண்டும். 'மதிப்பெண்ணை உயர்த்தித் தருகிறோம்' என்று பணம் கேட்டு வருவோரை நம்ப வேண்டாம் என்றும் எச்சரிக்க வேண்டும். உண்மையான பாக்கியை ஏட்டிலிருந்து அழிக்க எவராலும் இயலாது; கட்டித் தீர்ப்பதும் காலமுமே அதை ஆற்றும்.

நம் மொழியில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கின்றது, நம்பிக்கையையும் குறிக்கின்றது. காசு குறைவாயிருப்பினும் நம்பிக்கை நிறைந்தவருக்கு வீடு கிடைக்கும். அந்த நம்பிக்கையைப் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்தபின், பத்திரம் முடிவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஓர் அட்டைக்காகக் குலைத்துக் கொள்ளலாகாது. முதலில் வீடு, பின்னர் அட்டை. இதை நினைவிற் கொள்வோமாக.

மன்றங்களில் ஆராய்வதற்குச் சில வினாக்கள்

1. நம் ஊரில் வீட்டுக் கடன் மறுக்கப்பட்டவர்களுக்கு வங்கி கூறிய காரணம் யாது? அது முன்கூட்டித் தவிர்க்கக் கூடியதா?

2. 18 லட்சம் ரூபாய் வீட்டுக்குச் சொந்தப் பணமாகவும் பதிவுச் செலவாகவும் எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும்?

3. மாதம் 2,000 ரூபாய்த் தவணையுள்ள ஒரு பொருளை வாங்கினால், வீட்டுக் கடன் ஏறத்தாழ எவ்வளவு குறையும்? மேலே கண்ட கணக்கைக் கொண்டு காண்க.

4. நம் பஞ்சாயத்தில் கிசான் கடன் அட்டை வைத்திருப்போர், தத்தம் அட்டையின் வரம்பு எவ்வளவு என்பதை அறிவார்களா?